பில் கிடையாது, கியூ உண்டு! விடிகாலை பிரியாணிக்கு விடிய விடியக் காத்திருக்கும் கூட்டம்

தை மாதத்துப் பனி கொட்டுகிறது. விடிகாலை மணி 3. கோழி இன்னும் கூவவில்லை. (கூவ வேண்டிய கோழிகளில் பாதி அண்டாவுக்குள் போய்விட்டன என்பது வேறு விஷயம்!)

வடக்கம்பட்டியில் மட்டும் ஊரே விழித்திருக்கிறது. தலையில் துண்டைச் சுற்றிய பெரியவர்கள், தூக்கத்தில் தள்ளாடும் பிள்ளைகளைக் கையில் பிடித்த தாய்மார்கள், மோட்டார் சைக்கிளை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓடிவரும் இளவட்டங்கள் என்று வரிசை வளர்ந்துகொண்டே போகிறது. எல்லோர் கையிலும் ஒரு பாத்திரம். தூக்குவாளி, எவர்சில்வர் சட்டி, டிபன் கேரியர், சிலர் கையில் தண்ணீர் பிடிக்கிற வாளியே!

எதற்கு இந்தக் கியூ? ரேஷன் சர்க்கரைக்கா? புதுப்பட டிக்கெட்டுக்கா? இல்லை. ஆட்டுக்கறி பிரியாணிக்கு. அதுவும் காலணா செலவில்லாமல்!

கொடுக்கிறவர்கள் யார் என்று கேட்டால் இன்னும் ஆச்சரியம். ஓட்டல் முதலாளிகள்! வருஷம் முழுக்க ஒரு கரண்டி குழம்புக்கும் கணக்குப் பார்த்துக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அதே ஆட்கள், அன்று ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டா பக்கம் நிற்கிறார்கள். பில் கிடையாது. டோக்கன் கிடையாது. "யாரு, எந்த ஊரு?" என்ற விசாரணையும் கிடையாது.

எல்லா ஊரிலும் ஒரே போர்டு

தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு உள்ள ஊர் எதுவாக இருந்தாலும் "மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ்" என்ற போர்டைப் பார்க்காமல் வர முடியாது. உள்ளே போனால் வாழை இலை, மலை மாதிரி சோறு, கேட்கக் கேட்க ஊற்றுகிற குழம்பு, பக்கத்தில் சுக்கா, தலைக்கறி, குடல். லாரி டிரைவர் முதல் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வரை சாப்பிட்டுப் பழகிய இடம். பக்கத்து மாநிலங்களிலும் இந்தப் போர்டு உண்டு.

அந்தப் பெயரில் இருக்கிற முனியாண்டி, இந்த வடக்கம்பட்டிச் சாமிதான்.

மதுரை மாவட்டத்தில் திருமங்கலத்தைத் தாண்டி கள்ளிக்குடி பக்கம் இருக்கிற சின்னக் கிராமம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் பிழைக்க வெளியூர்! அப்படி வெளியூர் போனவர்களில் ஒருவர் சுப்பா நாயுடு. 1930-களில் காரைக்குடியில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். ஊர்ச்சாமி பெயரையே கடைக்கு வைத்தார். முனியாண்டியே கனவில் வந்து கடை போடச் சொன்னதாகத்தான் ஊரில் பேச்சு. கனவோ, கஷ்டமோ, கடை ஓடிற்று! அவரைப் பார்த்து சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள், ரெட்டியார் சமூகத்தினர் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒரு கடையில் இலை எடுத்தவன் சர்வர் ஆனான், சர்வர் மாஸ்டர் ஆனான், மாஸ்டர் அடுத்த ஊரில் சொந்தமாக போர்டு மாட்டினான். இப்படியே நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டது. இன்று அந்தப் போர்டு வைத்திருக்கிறவர்கள் எல்லோருமே வடக்கம்பட்டிக்காரர்கள் என்று சொல்ல முடியாது. பெயருக்கு இருக்கிற மவுசு அப்படி!

எங்கே கடை வைத்தாலும், ஊர்க்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை சாமி முன்னால் வந்து நிற்கிறார்கள். நாயுடு சமூகத்தாருக்குத் தை மாதம். ரெட்டியார் சமூகத்தாருக்கு மாசி மாதம். தையில் தவறவிட்டவர்கள் மாசியில் பிடித்துக்கொள்ளலாம் என்பது பக்கத்து ஊர்க்காரர்களின் கணக்கு!

முதல் ஆளின் காசு

இத்தனை பேருக்குப் பிரியாணி போட பணம் எங்கிருந்து வருகிறது? லாட்டரியா அடித்தது?

அதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தினமும் கடையைத் திறந்ததும் முதல் ஆள் சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கிற பில் காசு கல்லாவில் விழாது. சாமிக்கென்று தனியாக எடுத்து வைக்கப்படும். வியாபாரம் நன்றாக இருந்தாலும் மந்தமாக இருந்தாலும் அந்தக் காசைத் தொடுவதில்லை. வருஷக் கடைசியில் சேர்ந்ததைக் கொண்டுபோய்த் திருவிழாவுக்குக் கொடுக்கிறார்கள்.

ஆக, நீங்கள் எப்போதாவது ஒரு முனியாண்டி விலாஸில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால், உங்கள் காசில் ஒரு பிடி அரிசி வடக்கம்பட்டி அண்டாவில் வெந்திருக்கலாம். தெரியாமலே புண்ணியம்!

அரிசிக்கும் மளிகைக்கும் இப்படி. ஆடும் கோழியும் பெரும்பாலும் நேர்த்திக்கடன். மகளுக்குக் கல்யாணம் கூடினால் ஒரு கிடா. கடையில் கடன் அடைந்தால் ஒரு கிடா. விழாவுக்கு முன்பே ஊருக்குள் ஆட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும்.

குடியரசு தினத்தில் வந்த விருந்து

தை இரண்டாவது வெள்ளிக்கிழமைதான் முக்கிய நாள். ஓட்டல்காரர்கள் பலரும் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். பகலில் பால்குடம், சாயங்காலம் பூத்தட்டு ஊர்வலம். ராத்திரி முழுக்கச் சமையல். சனிக்கிழமை விடிகாலை படையல், உடனே விநியோகம்.

மாதக் கடைசி என்பதைக் கவனிக்க வேண்டும். தை இரண்டாவது வெள்ளி என்பது ஜனவரி 21-க்கு மேல்தான் வரும். சம்பளக்காரர்கள் வீட்டில் கறிக்கடைப் பக்கமே தலைவைக்க முடியாத நேரம். கிலோ ஆட்டுக்கறி 800 ரூபாயைத் தாண்டிப் போய்விட்ட காலத்தில், சாமி பார்த்துத்தான் தேதி குறித்திருக்கிறது!

2019-ல் இன்னொரு பொருத்தமும் சேர்ந்தது. ஜனவரி 24 முதல் 26 வரை விழா. 26-ந் தேதி சனிக்கிழமை, குடியரசு தினம். ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதற்கு முன்பே வடக்கம்பட்டியில் பிரியாணி கொடுத்து முடித்துவிட்டார்கள்! அரிசி மட்டும் சுமார் ஆயிரம் கிலோ, ஆடு 200-க்கு மேல் என்று அந்த ஆண்டு வெளியூர்ப் பத்திரிகைகள் வரை செய்தி போயிற்று.

ஆயிரம் கிலோ அரிசி என்றால் எத்தனை பேருக்கு வரும்? கல்யாணச் சமையல்காரர்கள் கணக்குப்படி ஒரு கிலோ அரிசிப் பிரியாணி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு. அப்படியானால் எட்டாயிரம், பத்தாயிரம் பேருக்குப் போதும். ஆனால் அந்தக் கணக்கு இலைபோட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு! வாளி கொண்டு வருகிறவர்களுக்கு எந்தக் கணக்கு? சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நெருப்போடு ஒரு ராத்திரி

வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பொழுது போவதே அடுப்பைப் பார்த்துத்தான். ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாக்கள். விறகடுப்பு. துடுப்பு மாதிரி நீளக் கரண்டி.

ஓட்டலில் பத்து கிலோ, இருபது கிலோ போடுகிற மாஸ்டர்களுக்கும் இது வேறு வேலை. பெரிய அண்டாவில் அடியில் இருக்கிறது குழைந்துவிடும், மேலே இருக்கிறது அரிசியாகவே நிற்கும். தண்ணீரை ஒரு குடம் கூட ஊற்றிவிட்டால் பிரியாணி பொங்கல் ஆகிவிடும்! கறி முக்கால் வேக்காடு வந்ததும் அரிசி இறங்கவேண்டும். தண்ணீர் சுண்டுகிற சமயம் பார்த்து விறகை வெளியே இழுத்து, கங்கை மூடிமேல் அள்ளிப் போட்டு தம் கட்டவேண்டும். அந்த நேரம் யாராவது மூடியைத் திறந்தால் மாஸ்டர் வாயில் என்ன வரும் என்று எழுத முடியாது.

தம் உடைக்கிற நேரத்தில் வாசனை கிளம்புகிறது பாருங்கள்! அதுவரை கல் மேல் உட்கார்ந்து கண்ணயர்ந்த வரிசை, யாரும் சொல்லாமலே எழுந்து நிற்கிறது.

ஆனாலும் உடனே கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் முனியாண்டிக்குப் படையல். காவல் தெய்வம், இருட்டோடு படைக்கவேண்டும். மணி சத்தம் கேட்கிறது. வரிசையில் இருப்பவர்கள் நின்ற இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கும்பிட்ட கையில் தூக்குவாளி ஆடுகிறது.

ஓசிச் சோறா?

இந்தக் கியூவில் நிற்கிறவர்கள் எல்லோரும் இல்லாதவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

காட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பொங்கலுக்கு அப்புறம் கறி என்பதையே கண்ணில் பார்க்காத வீடுகள் உண்டு. அவர்களுக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் பக்கத்திலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீஸ் உத்தியோகக்காரரும் நிற்கிறார். டவுனில் கடை வைத்திருக்கிற வியாபாரியும் நிற்கிறார். பத்து பேருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுக்கிற வசதி அவருக்கு இருக்கிறது.

இதே ஆளை வேறு எங்காவது இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கச் சொல்லிப் பாருங்கள்! "ஓசிச் சோத்துக்கு நிக்கிறதா? நம்மளால முடியாதப்பா!" என்று நகர்ந்துவிடுவார். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் மானம் போய்விடும். இங்கே அந்தக் கூச்சம் இல்லை. காரணம், இது சோறு இல்லை, பிரசாதம். பிரசாதத்துக்குக் கை நீட்ட யார் வெட்கப்படுவார்கள்?

நிஜமாகவே பசித்து வந்தவனுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் மறைப்பு. பக்கத்தில் வியாபாரி நிற்கிறபோது தான் எதற்காக வந்தோம் என்பதை யாரும் அவனிடம் கேட்பதில்லை. இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி தூக்குவாளி.

இருட்டில் முகம் தெரியாவிட்டாலும் பேச்சுக்குக் குறைவில்லை.

"என்ன அப்பத்தா, இந்தப் பனியில நீங்க ஏன் வந்து நிக்கிறீக? பேரனை அனுப்பியிருக்கலாம்ல?"

"அவனா? வருவான். செல்போனைப் பாத்துக்கிட்டே நிப்பான். முன்னாடி நாலு பேரு பூந்தாலும் அவனுக்குத் தெரியாது!"

இதுதான் வரிசையின் சட்டம். இடத்தை விடக்கூடாது. குழாயடியில் குடம் வைத்து இடம் பிடித்துப் பழகிய கைகள், இங்கே சட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கின்றன. சட்டி நின்றால் ஆள் நிற்கிற மாதிரி! கல் வைத்தால் மட்டும் செல்லாது. "கல்லு பிரியாணி திங்குமா?" என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

வாளியோடு வந்தவர்

விநியோகம் ஆரம்பித்ததும் கூட்டம் முண்டியடிக்கிறது. அதட்டல், தள்ளுமுள்ளு, குழந்தை அழுகை எல்லாம் உண்டு. கொஞ்ச நேரத்தில் நகரத் தொடங்கிவிடும். பிறகு வாக்குவாதம் எல்லாம் பாத்திரத்தைப் பற்றித்தான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகிக்கிற பிளாஸ்டிக்குக்குத் தடை. கேரி பேக்கில் வாங்குகிற பழக்கத்துக்கு அடி விழுந்தது. வடக்கம்பட்டிக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய கஷ்டம் இல்லை, ஏனென்றால் இங்கே முதலிலிருந்தே பாத்திரம்தான். கஷ்டம் பாத்திரத்தின் அளவில்!

ஒரு அம்மாள் சின்னக் கிண்ணத்தை நீட்டுகிறார். அவருக்குப் பின்னாலேயே ஒரு ஆசாமி பதினைந்து லிட்டர் வாளியை நீட்டுகிறார்.

"ஏண்ணே, இது பிரசாதமா, பந்திக்கு பார்சலா?"

"வீட்டுல பதினோரு பேரு இருக்காக. கெழவி நடக்க முடியாம கெடக்கு. நான் ஒருத்தன்தான் வந்திருக்கேன்."

சொல்வது உண்மையா, பொய்யா? யார் போய் எண்ணிப் பார்ப்பது? பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முடிவு செய்ய வேண்டியது கரண்டி பிடித்தவர்தான்.

அவர் யார்? தினமும் பிளேட் கணக்கில் அளந்து பழகியவர். ஓட்டலில் பிரியாணிக்கு என்று ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள். அதில் அடைத்துத் தட்டில் கவிழ்த்தால் ஒரு பிளேட். ஒரு பருக்கை கூடாது, குறையாது. அந்தக் கிண்ணத்தை ஊரில் வைத்துவிட்டு வந்தவர் இங்கே முகத்தைப் பார்த்து அளக்கிறார். கிண்ணத்தை நீட்டிய அம்மாளுக்குக் கிண்ணம் வழிய வழிய. வாளிக்காரருக்கு மூன்று கரண்டி போட்டுவிட்டு, அந்த வாளிக்குள் எட்டிப் பார்த்து, அடியில் கிடப்பது பாவமாகத் தெரிந்ததோ என்னவோ, இன்னும் ஒன்று. "போதும் மாமா, பின்னால பச்சப்புள்ளைக நிக்குது" என்ற வார்த்தையோடு அனுப்பிவிடுகிறார்.

இதில் நியாயம் எது என்று வக்கீல் வைத்து வாதாடலாம். வாளி கொண்டு வந்தவர் பேராசைக்காரர் என்று வரிசையில் நிற்பவர்களுக்குத் தோன்றுவதில் தப்பில்லை. நடக்க முடியாத கிழவி வரிசையில் வந்து நிற்க முடியாது என்பதும் பொய்யில்லை.

"தீந்து போச்சு" என்ற சொல்

ஓட்டல் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. மத்தியானம் 2 மணிக்குப் போய் "சுக்கா குடுங்க" என்று கேட்டால் "தீந்து போச்சு சார்" என்று சர்வர் பெருமையோடு சொல்வார். சரக்கு தீர்ந்தால் வியாபாரம் ஜோர் என்று அர்த்தம். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொள்வார்.

அதே சொல்லை வடக்கம்பட்டியில் யாரும் சொல்லத் துணிவதில்லை. வரிசையில் ஆள் நிற்கும்போது அண்டா காலியானால் கொடுக்கிற அத்தனை பேருக்கும் தலைகுனிவு. "முனியாண்டி வாசல்ல வெறும் சட்டியோட திரும்பினேன்" என்று ஒருத்தர் போய் ஊரில் சொன்னால் போதும். காசு கொடுத்துச் சாப்பிட வந்தவனிடம் இல்லை என்று சொல்லலாம். விடிய விடியப் பனியில் நின்றவனிடம் எப்படிச் சொல்வது?

கிழக்கு வெளுக்கும்போதுதான் இந்தப் பயம் வருகிறது. முன்வரிசை ஆட்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தெருவோரம், மரத்தடி, திண்ணை என்று எங்கே பார்த்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பின்வரிசை இன்னும் நீளமாக இருக்கிறது. பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் புது ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

அப்போது ஒரு சத்தம். கரண்டி அண்டா அடியில் உரசுகிற சத்தம்.

பின்னால் நிற்பவர்கள் காதில் அது இடி மாதிரி விழுகிறது. கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள். "இன்னும் எத்தனை அண்டா இருக்கு?" என்று முன்னால் இருப்பவரைக் கேட்கிறார்கள். அவர் தனக்கு முன்னால் இருப்பவரைக் கேட்கிறார். பதில் வந்து சேர்வதற்குள் அது "ரெண்டு" என்றும் "ஒண்ணுகூட இல்லை" என்றும் மாறிவிடுகிறது.

இந்தச் சமயத்தில் கரண்டி தானாகச் சுருங்கும். முதலில் வழிய வழிய விழுந்தது, இப்போது முக்கால். பிறகு அரை. கறித்துண்டு இரண்டு விழுந்த இடத்தில் ஒன்று. அடிப்பிடித்த காந்தல் சோறும் போகிறது. சிலருக்கு அதுதான் இஷ்டம். "அடியைச் சுரண்டிப் போடுங்கண்ணே" என்று கேட்டே வாங்குகிறார்கள்!

வரிசையில் யாரோ முணுமுணுத்தால் பக்கத்தில் இருக்கிற பெரியவரே அடக்கிவிடுகிறார். "வாயில போட்டா போதும்ப்பா. வயிறு நெறையணும்னா திருமங்கலத்துல போயி காசு குடுத்துத் தின்னு!"

நாலு பருக்கை என்றாலும் கடைசி ஆள் சட்டியில் ஏதாவது விழுந்தாக வேண்டும். அது விழுகிறவரை கரண்டி பிடித்த யாரும் உட்காருவதில்லை. ராத்திரி முழுக்க நெருப்பில் நின்ற மாஸ்டர்கள் பலர் கடைசியில் டீயோடு முடித்துக்கொள்கிறார்கள். பிரியாணி வாசனையில் நின்றவனுக்குப் பிரியாணி இறங்காது. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்!

போகிறவர்கள் கவனத்துக்கு

அடுத்த தையில் போய்ப் பார்க்க நினைப்பவர்கள் முதல் நாளே கிளம்பிவிடுவது நல்லது. மதுரையிலிருந்து திருமங்கலத்துக்கு எந்நேரமும் பஸ் உண்டு. ரயிலில் போனால் விருதுநகர் மார்க்கத்தில் கள்ளிக்குடி ஸ்டேஷன். விடிகாலையில் வாகனம் பிடிக்க முடியாது, போலீஸ் நிறுத்திய இடத்திலிருந்து நடக்க வேண்டியிருக்கும். போர்வை கட்டாயம். பாத்திரம் கட்டாயம். மூடியுள்ள தூக்குவாளி உத்தமம், நடுத்தர அளவு போதும். பதினைந்து லிட்டர் வாளி வேண்டவே வேண்டாம்!

காலை 9 மணிக்கெல்லாம் அண்டாக்களைக் கவிழ்த்துச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாய்களுக்கும் காக்கைகளுக்கும் அன்று கொண்டாட்டம். ஓட்டல்காரர்கள் வேனில் ஏறி ஆளுக்கொரு திசையாகப் பிரிகிறார்கள். திருச்சி, சேலம், சென்னை, இன்னும் எங்கெங்கோ.

மறுபடி ஷட்டர் தூக்கப்படுகிறது. சாமி படத்துக்கு ஊதுபத்தி. இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கிறான் பையன். முதல் ஆள் வந்து உட்கார்ந்து, அவசர அவசரமாகச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கல்லா முன்னால் நிற்கிறார்.

"எவ்வளவு ஆச்சு?"

வாங்கிய நோட்டைக் கண்ணில் ஒற்றி, கல்லாவில் போடாமல், பக்கத்தில் இருக்கிற உண்டியலில் மடித்துப் போடுகிறார் முதலாளி. முதல் ஆள் அதைக் கவனிக்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்.